காணாமல் போன பாட்டை மீட்டுத் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. தானே எழுதி, மெட்டமைத்துப் பாடிய ஐந்து பாடல்களை ஒரு விநியோக நிறுவனம் வழியாக ஸ்ட்ரீமிங் தளங்களில் வெளியிட்டாள். மூன்று மாதமாகியும் எந்தப் பாட்டும் 400 கேட்புகளைத் தாண்டவில்லை. இசை விளம்பர முகவர் என்று அறிமுகமான ஒருவர், முப்பது நாளில் ஒரு லட்சம் கேட்புகளுக்கு உத்தரவாதம் தருவதாகச் சொன்னார். பணம் கட்டினோம். ஐந்தே நாளில் ஒரு பாட்டு 40,000ஐத் தாண்டியது. பன்னிரண்டாம் நாள், ‘செயற்கைக் கேட்புகள் கண்டறியப்பட்டன’ என்று மின்னஞ்சல் வந்தது. பாட்டை நீக்கிவிட்டார்கள், அபராதமும் பிடித்துக்கொண்டார்கள். இப்போது அதே முகவர், இன்னொரு தொகை கொடுத்தால் பாட்டை மீட்டுத் தருவதாகவும், ஐந்து பாடல்களின் ‘முழு டிஜிட்டல் உரிமை’யையும் அவர் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தால் இனி இப்படி நடக்காது என்றும் சொல்கிறார். என் மகள் ஏமாற்றுக்காரி ஆகிவிட்டாளா? நீக்கப்பட்ட பாட்டின் பின்னணி இசையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் செய்திருந்தாள். அதனால்தான் இப்படி ஆனதா? பெயரை மாற்றிக்கொண்டு புதிதாகத் தொடங்கலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். கையெழுத்தும் போடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

நீக்கப்பட்ட பாட்டைத் திரும்ப ஏற்றும் அதிகாரம் இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. ஒன்று, அந்தத் தளம். இன்னொன்று, அதற்குப் பாட்டை அனுப்பிய விநியோக நிறுவனம். மூன்றாவது ஆள் எவரிடமும் சாவி கிடையாது. அப்படியானால் அந்த முகவர் எப்படி ‘மீட்பார்’? உங்கள் மகளின் ஒலிக்கோப்பைத் தன்னுடைய கணக்கிலிருந்து புதிய பாட்டாக ஏற்றுவார். அதைச் செய்ய அவருக்கு உரிமைப் பத்திரம் தேவை. அதனால்தான் ‘முழு டிஜிட்டல் உரிமை’ என்ற பேச்சு வருகிறது. பாட்டு திரும்ப வந்துவிடும், ஆனால் வருமானம் போய்ச் சேரும் கணக்கு அவருடையதாக இருக்கும். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டும் வேலை இது. என்னிடம் வரும் கணக்குத் தகராறுகளில் இதே நாடகத்தை இதே இரண்டு காட்சிகளுடன் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முதல் தொகையைவிட இரண்டாம் தொகை எப்போதும் பெரியதாகவே இருக்கும், ஏனென்றால் அப்போது நீங்கள் பயந்திருப்பீர்கள்.

நடந்தது என்ன? அந்த 40,000 கேட்புகளில் மனிதக் காது அநேகமாக ஒன்றுகூட இல்லை. வரிசையாக உருவாக்கிய போலிக் கணக்குகளை ஒரு நிரல் இயக்குகிறது. ஸ்பாட்டிஃபை போன்ற தளத்தில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு கேட்பு. அதனால் அந்தக் கணக்குகள் முப்பத்தைந்து, நாற்பது வினாடி ஓட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகும். பாட்டைச் சேமித்து வைக்காது, நண்பருக்கு அனுப்பாது, பாடகியின் பக்கத்தைத் திறந்து பார்க்காது. மகளிடம் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து நாளில் கேட்டவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று பாருங்கள். அவளுடைய மொழியே தெரியாத ஒன்றிரண்டு நகரங்களில் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும். சேமித்தவர்களின் எண்ணிக்கை பழைய 400 கேட்புக் காலத்தில் இருந்த அளவிலேயே நிற்கும். அந்தப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், நாளைக்கே தேவைப்படும்.

போலிக் கேட்பால் தளத்துக்கு என்ன நஷ்டம் என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு கேட்புக்கு இத்தனை காசு என்று தளம் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதாக நினைப்பதால் வரும் கேள்வி இது. பெரிய தளங்களில் அப்படி நிலையான விலை கிடையாது. சந்தாவிலும் விளம்பரத்திலும் வரும் பணத்தில் ஒரு பங்கைப் பொதுக் குவியலாகச் சேர்த்து, மொத்தக் கேட்புகளில் யாருக்கு எத்தனை பங்கு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். போலிக் கேட்பு வந்தால் குவியல் பெரிதாவதில்லை, வெட்டுகிற துண்டுகள்தான் சிறிதாகின்றன. உங்கள் மகளைப் போன்ற ஏதோ ஒரு பெண்ணின் துண்டிலிருந்துதான் அது போகிறது.

எவ்வளவு பெரிதாக இதைச் செய்கிறார்கள் என்பதற்கு ஒரு வழக்கு. 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு ஒருவர்மீது குற்றம் சாட்டியது. செயற்கை நுண்ணறிவில் செய்த லட்சக்கணக்கான பாடல்களைத் தளங்களில் ஏற்றி, நிரல்களை வைத்துக் கேட்க வைத்து, 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி பெற்றார் என்பது குற்றச்சாட்டு. குற்றப்பத்திரிகையில் அவர் போட்டுவைத்த கணக்கே இருக்கிறது: 1,040 போலிக் கணக்குகள், ஒவ்வொன்றும் நாளைக்கு 636 பாட்டு, மொத்தம் நாளொன்றுக்கு 6,61,440 கேட்புகள். ஏன் இத்தனை பாடல்கள்? ஒரே பாட்டை ஆறு லட்சம் முறை ஓட்டினால் அன்றைக்கே மாட்டிக்கொள்வார். லட்சம் பாட்டுக்குப் பிரித்தால் எதுவும் கண்ணில் படாது. உங்கள் முகவருக்கு அந்தப் புத்திகூட இல்லை, ஒரே பாட்டில் கொட்டியிருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பைசா கொடுக்காதவர்களின் பாட்டும் இப்படி நீக்கப்படுவது உண்டு. போலிக் கணக்குகள் சந்தேகம் வராமலிருக்க நடுநடுவே சம்பந்தமில்லாத பாடல்களையும் ஓட்டும். யாரோ ஒருவர் தன் போலிப் பிளேலிஸ்ட்டில் நல்ல பாட்டு நான்கைத் திணித்து வைப்பார். அந்த நான்கு பேரும் பிடிபடுவார்கள்.

கண்டுபிடிக்கும் நிரல் மோசமானது என்று இதற்கு அர்த்தமில்லை. இது நோய்க்கான முன்பரிசோதனையில் வரும் பழைய சிக்கல்தான். கணக்குக்காக ஒரு லட்சம் பாடல்களில் ஆயிரத்தில் கள்ளக் கேட்பு இருக்கிறது என்று வையுங்கள். நிரல் அந்த ஆயிரத்தில் 950ஐப் பிடித்துவிடுகிறது. மீதி 99,000 நல்ல பாடல்களில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூற்றுக்கு ஒன்று என்பது 990 பாடல்கள். பிடிபட்ட கூட்டத்தில் கள்ளர்களைவிட நல்லவர்களே அதிகம்.

மருத்துவர்களுக்கு இது தெரியும். மார்பகப் படத்தில் ஒரு நிழல் தெரிந்தால் இன்னொரு படம், பிறகு ஊசி வைத்துத் திசுச் சோதனை என்று போவார்கள். நிழலைப் பார்த்த அன்றே கத்தியை எடுப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் அப்படித்தான். ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முதல் முடிவு 2023இல் வெளிவந்தது. படத்தை முதலில் கருவி பார்த்து வகைப்படுத்தியது, சந்தேகம் குறைந்ததை ஒரு மருத்துவரும் அதிகமானதை இரண்டு மருத்துவர்களும் பார்த்தார்கள். புற்றுநோய் கண்டுபிடிப்பு குறையவில்லை, படம் பார்க்கும் வேலைச் சுமை 44 விழுக்காடு குறைந்தது. கடைசி வார்த்தை மனிதருடையதாக இருந்தது. இசைத் தொழிலில் அந்த இரண்டாவது படி எங்கே? நிரல் சொன்னது, பாட்டு போனது. மேல்முறையீடு என்று எழுதினால், நீங்கள் எழுதியதைப் படிக்காத இன்னொரு நிரல் ‘எங்கள் முடிவு இறுதியானது’ என்று பதில் போடுகிறது.

அபராதமும் அதே லட்சணம்தான். 2024 முதல் ஸ்பாட்டிஃபை, அப்பட்டமான செயற்கைக் கேட்பு கண்ட பாட்டுக்கு இவ்வளவு என்று இசை நிறுவனங்களிடமும் விநியோக நிறுவனங்களிடமும் வசூலிக்கிறது. பல விநியோக நிறுவனங்கள் அதைக் கலைஞரின் கணக்கில் இறக்கிவிடுகின்றன. கேட்பை விற்றவரை யாரும் தொடுவதில்லை. அவர் நாளைக்கு வேறு பெயரில், வேறு படத்துடன் விளம்பரம் போடுவார். முகவரி தெரிந்தவரிடம் வசூலித்துவிட்டு நீதி செய்துவிட்டதாகக் கணக்கு எழுதுகிறார்கள்.

உங்கள் மகள் ஏமாற்றுக்காரி அல்ல. ஆனால் பணம் கொடுத்துக் கேட்புகளை வாங்கியது உண்மை. இதை மறைத்து எழுதினால் கடிதம் எடுபடாது. விநியோக நிறுவனத்துக்கு அவளே, தன் பெயரில், நேராக எழுதட்டும். விளம்பரம் என்று நம்பி எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தோம், அவர் என்ன வாக்குறுதி தந்தார், எப்போது எண்ணிக்கை ஏறியது என்று வரிசையாக, ஒரு பக்கத்துக்குள். பணம் அனுப்பிய ரசீது, உரையாடல், நான் சொன்ன நகரவாரிப் படம் மூன்றையும் இணைக்கட்டும். அபராதத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதத்தை நிரப்ப வேண்டாம், அது அநேகமாக வராது. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. மீதி நான்கு பாடல்கள் பாதுகாப்பாக இருக்கின்றனவா? நீக்கப்பட்ட பாட்டை மறுபடி வெளியிட அனுமதி உண்டா, உண்டென்றால் பழைய ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணிலேயே வெளியிடலாமா? அந்தப் பன்னிரண்டு எழுத்து எண் ஒலிப்பதிவின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. எழுத்தில் பதில் வரும்வரை வேறு நிறுவனம் வழியாகத் திருட்டுத்தனமாக ஏற்ற வேண்டாம். ஏற்றினால், இதுவரை ஏமாந்தவள் அன்றைக்கு உண்மையிலேயே ஏமாற்றுக்காரி ஆகிவிடுவாள்.

முகவருக்குக் கடவுச்சொல் கொடுத்திருக்கிறீர்களா? கேள்வியில் அதை நீங்கள் எழுதவில்லை. எழுதாதவர்கள் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். மாற்றுங்கள். கணக்கில் ‘குழு உறுப்பினர்’ என்று யாரையாவது சேர்த்திருந்தால் நீக்குங்கள். ராயல்டி போய்ச் சேரும் வங்கி விவரம் இன்னும் மகளுடையதுதானா என்றும் ஒருமுறை பாருங்கள்.

இந்த ஆட்கள் எல்லாரும் ஒரே பயத்தை விற்கிறார்கள்: ‘ஆயிரம் கேட்பு தாண்டாவிட்டால் பணமே கிடையாது.’ இதில் பாதி உண்மை இருக்கிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 கேட்புகளைத் தொட்டால்தான் ஒலிப்பதிவுக்கான ராயல்டி. அவர்கள் சொல்லாத பாதி இது: ஆயிரத்துக்குக் கீழே இருக்கும் பாட்டு சராசரியாக மாதத்துக்கு ஈட்டிய தொகை 3 அமெரிக்க சென்ட் என்று அந்த நிறுவனமே சொன்னது. அந்த விதி எனக்கும் பிடிக்கவில்லை. சிறியவர்களின் சில்லறையைத் திரட்டிப் பெரியவர்களுக்குப் பந்தி வைக்கும் விதி அது. அதற்காக, மூன்று சென்ட்டைக் காப்பாற்ற முகவருக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுப்பதா?

400 கேட்பு என்று வெட்கப்படவும் வேண்டாம். லுமினேட் என்ற தரவு நிறுவனத்தின் கணக்கில் 2023இல் தளங்களில் இருந்தவை ஏறக்குறைய 18.4 கோடி ஒலிப்பதிவுகள். அவற்றில் 4.56 கோடியை அந்த ஆண்டில் ஒருவர்கூட ஒருமுறைகூடக் கேட்கவில்லை. உங்கள் மகளின் 400 கேட்புகளும் நிஜ மனிதர்களுடையவை. எண்ணிக்கைக்கு எவர் உத்தரவாதம் தந்தாலும் அவர் மனிதர்களை விற்கவில்லை. மனிதர்கள் என்ன கேட்பார்கள் என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது. நேர்மையான விளம்பரக்காரர் விளம்பரம் இத்தனை பேருக்குக் காட்டப்படும் என்பார், இத்தனை பேர் கேட்பார்கள் என்று சொல்ல மாட்டார்.

அடுத்து, செயற்கை நுண்ணறிவுப் பின்னணி. பாட்டு நீங்கியதற்கு அது காரணமில்லை. மின்னஞ்சலில் ‘செயற்கை’ என்று சொல்லியிருப்பது கேட்பைத்தான், இசையை அல்ல. ஆனால் சந்தேகக் கண் கூர்மையாகிவிட்டது என்பது நிஜம். டீசர் (Deezer) என்ற ஸ்ட்ரீமிங் தளத்துக்கு முழுக்க இயந்திரம் செய்த பாடல்கள் 2025 ஜனவரியில் நாளைக்கு 10,000 வந்தன. அதே ஆண்டு நவம்பரில் 50,000. அப்படிப்பட்ட பாடல்களுக்கு வந்த கேட்புகளில் 70 விழுக்காடுவரை போலி என்றும் அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. அதனால் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

உரிமை விஷயத்தில் பலரும் ‘இயந்திர இசைக்குக் காப்புரிமை கிடையாது’ என்ற ஒரு வரியைக் கேட்டுவிட்டுப் பதறுகிறார்கள். முகவர்களும் அதைச் சொல்லியே பத்திரம் எழுதி வாங்குகிறார்கள்: ‘எப்படியும் உனக்கு உரிமை இல்லாத பாட்டுதானே, என்னிடம் கொடு.’ இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் சொன்னதன் சாரம், கருவிக்குக் கட்டளை எழுதுவது மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது என்பது. அவள் ‘சோகமான வீணை, மெதுவான தாளம்’ என்று தட்டச்சு செய்ததற்கு வந்த இசை, அந்த அளவில், அவள் படைப்பு அல்ல. ஆனால் வரிகள் அவள் எழுதியவை, அவை அவளுடையவை. இயந்திர இசைக்குமேல் பாடியதால் வரியின் உரிமை கரைந்துவிடாது. மெட்டு அவள் முணுமுணுத்துப் பதிவு செய்து, அதற்குக் கருவி வாத்தியம் சேர்த்ததா? அப்படியானால் மெட்டும் அவளுடையதே. அந்த முணுமுணுப்புப் பதிவைத் தேதியோடு பத்திரப்படுத்தச் சொல்லுங்கள், கைப்பேசியில் இருந்தாலும் போதும். மெட்டையே கருவிதான் தந்ததா? அப்படியென்றால் மெட்டுக்கு உரிமை கோர வேண்டாம், வரிக்கும் குரலுக்கும் மட்டும் கோரட்டும். பாடியது அவள் குரல் என்பதால் அந்தக் குரல் பதிவுக்கு அவளுக்குரிய உரிமை தனியாக இருக்கிறது. கருவி தந்த பல துண்டுகளை அவளே வெட்டி, அடுக்கி, மாற்றியிருந்தால் அந்த அடுக்கலுக்குக்கூட ஓரளவு இடமுண்டு. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்றாலும், எது மனிதர் செய்தது என்ற கேள்வி எங்கும் வரும். ஐந்து பாட்டுக்கும் ஐந்து தாளில், எந்தப் பகுதி யார் செய்தது என்று எழுதி வைக்கட்டும். கருவியின் எந்தக் கணக்கில் செய்தாள் என்பதையும் எழுதட்டும். சில கருவிகளில் இலவசக் கணக்கில் உருவாக்கிய இசையை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி கிடையாது. பிறகு சந்தா கட்டினால் பழைய பாட்டுக்கும் அனுமதி தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

அந்த முகவர் அடுத்ததாக யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’யில் பதிந்து தருகிறேன் என்று வருவார். அது பாட்டின் கைரேகையைப் பதிந்து, பிறர் காணொளியில் அது ஒலித்தால் கண்டுபிடிக்கும் ஏற்பாடு. இயந்திரம் தந்த பின்னணியோ, ஆயிரம் பேருக்கு விற்கும் தயார்நிலைத் தாளத் துண்டோ இருக்கும் பாட்டை அதில் பதியக் கூடாது. அதே துண்டை வாங்கிய இன்னொருவரின் காணொளியில் உங்கள் மகளின் பெயரில் உரிமைகோரல் போய் விழும். அவர் சண்டைக்கு வருவார், அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

பத்திரத்துக்கு வருகிறேன். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பாடிப் பதிந்த ஒலி இன்னொன்று. ‘முழு டிஜிட்டல் உரிமை’ என்ற மூன்று சொல்லில் இரண்டும் போய்விடும். நகலை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். காலவரம்பு இல்லை, கணக்குக் காட்டும் கடமை இல்லை. ஏழாவது பத்தியில் ‘குரலையும் அதன் சாயலையும் இப்போதுள்ள, இனி வரக்கூடிய எல்லாத் தொழில்நுட்பங்களிலும் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பத்திரம் எழுதியவர் அசலாக யோசித்து எழுதியதாகத் தெரியவில்லை, எங்கிருந்தோ நகலெடுத்திருக்கிறார். ஆனால் கையெழுத்து விழுந்தால் அசலாகத்தான் கட்டுப்படுத்தும். அவள் பாடாத பாட்டை அவள் குரலில் வெளியிட அந்த ஒரு வரி போதும்.

பெயரை மாற்ற வேண்டாம். நீக்கப்பட்டது ஒரு பாட்டுதான், பாடகியின் பக்கம் அப்படியே இருக்கிறது. பெயரை மாற்றினால் இதுவரை கேட்டவர்களும் தேடிவிட்டுப் போய்விடுவார்கள். ஐந்து பாட்டிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே இரண்டு விதமாக இருக்கிறது. அடுத்த ஆறு வாரம் மற்ற நான்கு பாடல்களின் எண்ணிக்கையைத் தினமும் பார்க்கட்டும். தெரியாத நகரத்திலிருந்து திடீரென்று ஏறினால், அன்றைக்கே, எச்சரிக்கை மின்னஞ்சல் வருவதற்கு முன்பே, விநியோக நிறுவனத்துக்கு இவளே எழுதிவிடட்டும். இரண்டாம் தொகையைக் கொடுக்காத வாடிக்கையாளரின் மீதிப் பாடல்களிலும் போலிக் கணக்குகளை ஏவிவிடும் முகவர்களை நான் பார்த்திருக்கிறேன்.